மூலத்தில் கைவைத்தவர்கள்

பழைய வீடியோ கேம் ஒன்றைப் பிரித்து, உள்ளே கைவைத்து, மாற்றி, இலவசமாக வெளியே விடுகிறவர்களைப் பற்றி விவரம் தெரிந்தவர்களிடையே ஏறக்குறைய ஒருமித்த கருத்து ஒன்று உண்டு. அவர்கள் ஒட்டுண்ணிகள், சொந்தமாக ஒன்றைச் செய்யத் துப்பில்லாமல் அடுத்தவர் உழைப்பில் குளிர்காய்கிறவர்கள். சற்று இரக்கமுள்ளவர்கள் இதையே வேறு தொனியில் சொல்வார்கள்: கெட்டிக்காரப் பையன்தான், பாவம், இந்த மூளையைச் சொந்தமாக ஒரு கேம் செய்வதில் செலவழித்திருந்தால் எங்கேயோ போயிருப்பான். இந்த இரண்டாவது பேச்சுதான் எனக்கு அதிக எரிச்சல் தருகிறது. வசையைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். அனுதாபம் போர்த்திக்கொண்டு வரும் அறியாமைக்கு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரோம் ஹேக் என்று இதற்குப் பெயர். கேசட்டுக்குள் இருக்கும் சில்லில் எழுதப்பட்டிருப்பதைக் கணினியில் நகலெடுத்தால் கிடைப்பது ரோம். அதில் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் செய்யும் மாற்றம் ஹேக். நம் ஊரில் இந்தச் சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 90களில் டிவியில் மாட்டி ஆடிய கேசட்டுகளின் அட்டையில் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே விரல்விட்டு எண்ணக்கூடிய கேம்கள்தான். மிச்சமெல்லாம் அதே மாரியோ வேறு உலகத்தில் தொடங்கும், அதே கான்ட்ரா வேறு பெயரில் வரும். ஒரு பைட்டை மாற்றிப் புதுச் சரக்கு என்று தள்ளிவிட்ட வியாபாரம் அது. அந்த ஏமாற்றத்தை அனுபவித்த தலைமுறை ஹேக் என்றதும் போலி என்று நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கேசட் வியாபாரியையும், காசு வாங்காமல் வருடக்கணக்கில் ஒரே கேமோடு மல்லுக்கட்டுகிறவரையும் ஒரே கூண்டில் ஏற்றுவது சோம்பேறித்தனம்.

1982இல் அடாரி 2600 கன்சோலுக்கு வந்த 'ஈ.டி.' கேமை எடுத்துக்கொள்வோம். ஸ்பீல்பெர்க் படத்தின் உரிமையை வாங்கிய அடாரி, கிறிஸ்துமஸ் விற்பனைக்குள் கேம் வந்தாக வேண்டும் என்று ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவுக்குக் கொடுத்த அவகாசம் சுமார் ஐந்து வாரம். மொத்த நிரலும் 8 கிலோபைட். விலைபோகாத கேசட்டுகளை 1983இல் மற்ற சரக்குகளோடு சேர்த்து நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைக்கிடங்கில் புதைத்தார்கள். 2014இல் தோண்டிப் பார்த்தபோது அவை வெளியே வந்தன. இடைப்பட்ட காலத்தில், உலகின் மோசமான கேம்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அதன் தலைமாட்டில் ஈ.டி. இருக்கும். என்ன குற்றம் என்று கேட்டால், அது குழியில் விழுந்துகொண்டே இருக்கிறது என்பார்கள். ஏன் விழுகிறது என்று கேட்டால் பதில் வராது.

2013இல் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நிரலை வரிவரியாகப் பிரித்துப் படித்தார். குழிகள் மேலிருந்து பார்ப்பதுபோல் தரையில் கிடக்கின்றன, ஈ.டி. அவற்றின் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிறது. ஆடுபவரின் கண்ணுக்கு அதன் கால் திடமான தரையில்தான் இருக்கிறது; தலை மட்டும் பின்னாலுள்ள குழியை மறைக்கிறது. நிரலுக்குத் தலையும் காலும் ஒன்று. உருவத்தின் ஏதாவது ஒரு புள்ளி குழியின் மேல் பட்டுவிட்டால் போதும், உள்ளே தள்ளிவிடும். அதாவது, ஆடுபவர் சரியாகத்தான் நடந்திருக்கிறார்; கண்ணுக்குத் தெரிந்த உலகமும் நிரல் நம்பிய உலகமும்தான் வேறுவேறாக இருந்திருக்கின்றன. கால் இருக்கும் இடத்தை வைத்து முடிவெடுக்குமாறு அவர் அதை மாற்றினார். அசல் கேமில் 9999இல் தொடங்கும் ஈ.டி.யின் சக்தி ஒவ்வோர் அடிக்கும் குறையும். சாதாரணமாக நடந்தால் குறையாதபடி செய்தார். படத்தில் பழுப்பாக இருந்த ஈ.டி. கேமில் பச்சையாக இருந்தது, அதையும் திருத்தினார். இப்போது ஆடிப் பாருங்கள். உள்ளே நல்ல கேம் ஒன்று இருந்திருக்கிறது. இன்னொரு மாதம் கிடைத்திருந்தால் வார்ஷாவே அதைச் செய்திருப்பார்.

முப்பது வருடக் கேலியில் வார்ஷாவுக்குக் கிடைக்காத மரியாதை இந்த ஹேக்கில் கிடைத்தது. கேலி செய்தவர்கள் ஆடிவிட்டுத் தூக்கிப் போட்டவர்கள். கைவைத்தவர்தான் உட்கார்ந்து படித்தவர். என் வாதத்தின் மையம் இதுதான்: ரோம் ஹேக் என்பது விமர்சனம். கட்டுரையாக எழுதாமல், விமர்சிக்கப்படும் பொருளுக்குள்ளேயே இறங்கி எழுதப்படும் விமர்சனம். 'இங்கே இது தவறு, இப்படி இருந்திருக்க வேண்டும்' என்று சொல்கிற எவரும் தன் பேச்சை உடனடியாக ஆடிக்காட்டி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் வேறெந்தக் கலையிலும் இல்லை. சினிமா விமர்சகர்களுக்கு இப்படி ஒரு தேர்வு வைத்தால் எத்தனை பேர் தேறுவார்கள் என்பதை நினைத்து அவ்வப்போது சிரித்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு கனமான எதிர்வாதம் வரும். படைத்தவரின் நோக்கம் என்று ஒன்று இருக்கிறதே, குறைகளும் அந்தப் படைப்பின் பகுதிதானே என்பார்கள். இதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். கோனாமியின் 'கிரேடியஸ் 3' 1990இல் சூப்பர் ஃபாமிகாம் கன்சோலுக்கு வந்தது. கன்சோலுக்கும் அப்போதுதான் முதல் மாதம். திரையில் எதிரிகளும் குண்டுகளும் பெருகியதும் கேம் முழுவதும் மெதுவாகி, பாகில் விழுந்த ஈயாக நகரும். காரணம், அந்தக் கன்சோலின் மையச் செயலி அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடுவது. 1995 வாக்கில் நின்டெண்டோ எஸ்ஏ-1 என்ற துணைச் சில்லைச் சில கேசட்டுகளுக்குள்ளேயே வைத்து விற்றது, அது 10.74 மெகாஹெர்ட்ஸ். கிரேடியஸ் 3க்கு அந்தச் சில்லு கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? பிரேசில் நிரலர் ஒருவர் 2019இல் அதைச் செய்து காட்டினார். கேமின் நிரலை அலசி, வேலையை எஸ்ஏ-1க்கு மாற்றிவிட்டார். மந்தம் போயிற்று.

போனதும் தெரிந்த விஷயம்தான் சுவையானது. கேம் சில இடங்களில் முன்னைவிடக் கடினமாகிவிட்டது. இத்தனை வருடமாக ஆடியவர்கள் அந்த மந்தத்தை நம்பித்தான் குண்டுகளுக்கிடையே நுழைந்து பிழைத்திருக்கிறார்கள். வன்பொருளின் இயலாமை யாரும் கேட்காமலேயே ஆட்டத்தின் கடினத்தை நிர்ணயித்திருக்கிறது. இப்போது சொல்லுங்கள், படைத்தவரின் நோக்கம் எது? காகிதத்தில் அவர் நினைத்த வேகமா, கடையில் விற்ற வேகமா? இந்தக் கேள்விக்கு நான் விடை வைத்திருக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதையே அந்த ஹேக் வந்த பிறகுதான் ஆடிப் பார்த்து உணர முடிந்தது. மூலத்தின் புனிதத்தைக் காப்பவர்கள் 29 வருடமாக அந்தக் கேமை வைத்துக் கும்பிட்டார்களே தவிர இதைக் கண்டுபிடிக்கவில்லை.

மூலம் கெட்டுவிடும் என்ற அச்சம் தமிழருக்குப் பழக்கமானது. ஏட்டில் எழுதிய காலத்தில் எவரோ சேர்த்த பாட்டு எது, கவியின் பாட்டு எது என்று பிரிப்பதற்குள் பதிப்பாசிரியர்களுக்குத் தாவு தீர்ந்துவிட்டது. கம்பராமாயணத்தில் வெள்ளி பாடல்கள் என்று ஒதுக்கப்பட்டவற்றைப் பற்றிய வழக்கு எளிதில் தீரவில்லை; கம்பனைப் பதிப்பித்த டி.கே.சி. தன் ரசனையை அளவுகோலாக வைத்துப் பாடல்களை நீக்கியதற்கு வாங்கிய வசவும் கொஞ்சமல்ல. அந்த அச்சத்தை இங்கே கொண்டுவந்து பொருத்துவதுதான் பிழை. இடைச்செருகல் ஆபத்தாக இருந்ததற்குக் காரணம் அது மூலத்தோடு கலந்து தன்னை மறைத்துக்கொண்டது. பழைய ஏடு செல்லரித்துப் போனதும் ஒப்பிட எதுவும் மிஞ்சவில்லை. ரோம் ஹேக் மூலத்தோடு கலப்பதே இல்லை. அது பேட்ச் என்ற தனிக் கோப்பாகத்தான் ஊர் சுற்றுகிறது.

இந்தப் பேட்ச் என்னவென்று புரிந்துகொள்ளாமல் திருட்டுப் பட்டம் கொடுப்பவர்களே அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நெடுங்காலமாகப் புழங்கும் ஐபிஎஸ் வகைக் கோப்பில் இருப்பது ஒரு பட்டியல் மட்டுமே: மூலத்தின் எந்த இடத்திலிருந்து, எத்தனை பைட், எவற்றால் மாற்ற வேண்டும். மாரியோ ஹேக்கின் பேட்சை மட்டும் வைத்துக்கொண்டு மாரியோவை ஆட முடியாது. மாரியோவின் ரோம் உங்களிடம் இருக்க வேண்டும். அதன் மேல் பேட்சைப் போட வேண்டும். ஐபிஎஸ்ஸில் ஓர் ஓட்டை உண்டு என்பதையும் மறைக்கவில்லை. மூலத்தின் ஒரு பகுதியை இடம் மாற்றினால், அந்தப் பகுதியே பேட்சுக்குள் நகலாகிவிடும். பின்னால் வந்த பிபிஎஸ் வகை இதற்கு வழி கண்டது. 'மூலத்தில் இந்த இடத்தில் உள்ளதை எடுத்து அந்த இடத்தில் வை' என்று குறிப்பு மட்டும் எழுதும். போதாததற்கு, நீங்கள் கொடுக்கும் ரோம் சரியான மூலம்தானா என்று சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்கும். திருடர்கள் என்று அழைக்கப்படுகிறவர்கள், அடுத்தவர் பொருளில் ஒரு பைட்டைக்கூடத் தேவையில்லாமல் சுமக்காத கோப்பை வடிவமைத்துப் பயன்படுத்துகிறார்கள்.

சரி, அந்த மூல ரோம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பெரும்பாலும் முறையாக வராது. அதை மறுத்து நாடகமாட விரும்பவில்லை. ஆனால் முறையாக வாங்கும் வழி எங்கே? அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. நூலகங்கள் அவற்றை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து ஆடக் கொடுக்கலாமா என்ற கோரிக்கையை அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் 2024இல் நிராகரித்தது. விற்கவும் மாட்டோம், நூலகத்தில் கொடுக்கவும் விடமாட்டோம், நீயாக வைத்திருந்தால் கள்ளன். இதைக் கேட்டுக்கொண்டு ஒழுக்கப் பாடம் படிக்க எனக்குப் பொறுமையில்லை.

நீதிமன்றங்கள் சொன்னதும் ஒரே மாதிரி இல்லை. கேசட்டுக்கும் கன்சோலுக்கும் நடுவே செருகி, ஆடும்போதே மதிப்புகளை மாற்றும் கேம் ஜீனி என்ற கருவியை நின்டெண்டோ தடுக்கப் பார்த்தது. 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அது புதிய வழிப்படைப்பு எதையும் உருவாக்கவில்லை என்று தீர்ப்பளித்தது; விற்பனையை முடக்கி வைத்த காலத்துக்காக நின்டெண்டோ 1.5 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது. எதிர்த்தரப்பு 1998ஆம் ஆண்டின் ட்யூக் நியூகெம் 3டி வழக்கை எடுத்துக் காட்டும். கணினி கேமுக்கு ரசிகர்கள் உருவாக்கிய கட்டங்கள் காப்புரிமை மீறல் என்று அதே நீதிமன்றம் சொன்னது. உண்மை. ஆனால் அங்கே குற்றவாளிக் கூண்டில் நின்றது யார்? ரசிகர்கள் இலவசமாகப் பகிர்ந்த 300 கட்டங்களை அள்ளிக் குறுந்தகட்டில் போட்டுக் கடையில் விற்ற நிறுவனம். நம் '9999 இன் 1' கேசட்காரனின் அமெரிக்கப் பங்காளி. ஹேக்குகளைப் புதுக் கேசட்டில் ஏற்றி விற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை அதிகம் வெறுப்பவர்கள் ஹேக் செய்தவர்களே.

இனி அந்த அனுதாபக்காரர்களிடம் வருகிறேன். சொந்தமாகச் செய்யலாமே என்கிறார்கள். 1987இல் நின்டெண்டோ, ஃபுஜி தொலைக்காட்சியின் விழாவுக்காக 'டோகி டோகி பேனிக்' என்ற கேமை ஜப்பானில் உருவாக்கிக் கொடுத்தது. இமாஜின், லினா, மாமா, பாப்பா என்று நான்கு பாத்திரங்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்கு ஒரு மாரியோ கேம் தேவைப்பட்டபோது நின்டெண்டோ என்ன செய்தது? இமாஜினை எடுத்துவிட்டு மாரியோவை வைத்தது, மாமா இருந்த இடத்தில் லூயிஜி, லினா இருந்த இடத்தில் இளவரசி, பாப்பா இருந்த இடத்தில் டோட். அங்கங்கே சில திருத்தங்கள். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' தயார். சொந்தப் பொருளில் கைவைத்தார்கள், அது உரிமை. நான் கேட்பது படைப்பாற்றல் பற்றி. உருவங்களை மாற்றிப் போடுவது படைப்பே அல்ல என்றால் அந்த கேமும் படைப்பு அல்ல. அதில் தலைகாட்டிய ஷை கை என்ற முகமூடிக்காரன் இன்றுவரை மாரியோ உலகத்தில் உலவுகிறான். ஒரே வேலையை நிறுவனம் செய்தால் புதுமை, தனி ஆள் செய்தால் ஒட்டுண்ணி என்பது எந்த அழகியல்?

2013இல் மைக் மிக்கா என்ற அமெரிக்க கேம் வடிவமைப்பாளர் தன் மூன்று வயது மகளோடு 'டாங்கி காங்' ஆடினார். அந்தப் பெண் குழந்தை, உச்சியில் கைதியாக நிற்கும் பாலின் அக்காவாகத் தான் ஆடி மாரியோவைக் காப்பாற்ற முடியாதா என்று கேட்டது. மிக்கா இரவு கண்விழித்து ரோமில் கைவைத்தார். மாரியோ உச்சியில் கைதி; பாலின் ஏணி ஏறிவருகிறாள். இவர் தொழில்முறை வடிவமைப்பாளர். பெண் போய் ஆணை மீட்கும் கேமைப் புதிதாகவே செய்யத் தெரிந்தவர். செய்திருந்தால் குழந்தை கேட்டது கிடைத்திருக்காது. அவள் கேட்டது ஏதோ ஒரு பெண்ணை அல்ல. 1981லிருந்து அந்த உச்சியில் கத்திக்கொண்டே நின்ற பாலினை.

'கைஸோ மாரியோ வேர்ல்ட்' என்று உலகம் பேர் வைத்த ஹேக்கிலும் இதே விஷயம் வேறு விதமாக இருக்கிறது. சூப்பர் மாரியோ வேர்ல்டின் கட்டங்களைத் திருத்த 2000இல் லூனார் மேஜிக் என்ற கருவியை ஒரு ரசிகர் வெளியிட்டார். 2007இல் ஜப்பானியர் ஒருவர் தன் நண்பனை அழவைக்கவென்றே ஒரு ஹேக் தயாரித்து, அவன் ஆடித் திணறுவதை வீடியோவாகப் பகிர்ந்தார். நீங்கள் தாவ வேண்டிய சரியான இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கட்டி ஒன்று இருக்கும். தலை இடித்து, கீழே பள்ளத்தில் விழுவீர்கள். கட்டத்தை முடித்துவிட்டோம் என்று கையை எடுக்கும் நொடியில்கூடச் சாவு காத்திருக்கும். இதைக் கொடூரம் என்று ஒதுக்குபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மாரியோ ஆடியே இராதவனுக்கு இதில் எந்தச் சிரிப்பும் இல்லை, எந்த அதிர்ச்சியும் இல்லை. கட்டியின் மேல் எங்கே கால் வைக்கலாம், எப்போது தாவலாம், எது பாதுகாப்பு என்று சிறுவயது முதல் விரலில் ஏறிப்போன பழக்கத்தை வைத்துத்தான் அத்தனை பொறிகளும் செய்யப்பட்டிருக்கின்றன. அந்த ஹேக்கின் மூலப்பொருள் நின்டெண்டோவின் நிரலைவிட ஆடுபவனின் நினைவு. புதிதாக ஒரு கேம் செய்து அதில் இந்தப் பொறிகளை வைத்தால் அது வெறும் மோசமான கேம். மாரியோவுக்குள் வைத்தபோது அது பதினேழு வருட மாரியோ வேர்ல்டைப் பற்றிய பகடி.

கைவைப்பவர்கள் துறைக்கு எதுவும் கொடுப்பதில்லை என்ற குற்றச்சாட்டுக்கு ஆர்கேட் காலத்திலேயே பதில் இருக்கிறது. கன்சோல் அல்ல என்பது தெரியும். ஆனால் ஹேக்கின் முப்பாட்டன் கதையை விட முடியாது. 1981இல் எம்ஐடி மாணவர்கள் டக் மெக்ரே, கெவின் கரன் ஆகியோர் தொடங்கிய ஜெனரல் கம்ப்யூட்டர் நிறுவனம், அடாரியின் 'மிசைல் கமாண்ட்' இயந்திரங்களில் மாட்டக்கூடிய பலகை ஒன்றை விற்றது. ஆடிச் சலித்தவர்களுக்குப் புதுச் சவால். இயந்திரம் வைத்திருப்பவருக்குப் புது வரும்படி. அடாரி 1.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. வழக்கு எப்படி முடிந்தது தெரியுமா? அடாரி அதைக் கைவிட்டு, அந்த மாணவர்களையே கேம் செய்ய வேலைக்கு அமர்த்திக்கொண்டது.

மூல நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமல் இனிப் பலகை விற்பதில்லை என்று ஒத்துக்கொண்டவர்களின் கையில் அப்போது இன்னொரு ஹேக் பாதியில் இருந்தது: பேக்-மேனை மாற்றிச் செய்த 'கிரேசி ஆட்டோ'. ஒரே வழியைப் பழகிக்கொண்டு மணிக்கணக்கில் ஆடியவர்களைத் தடுக்க, பேய்களின் நடையில் தற்செயலைக் கலந்திருந்தார்கள். சுவர்ப்பாதைகளும் சில நிலைகளுக்கு ஒருமுறை மாறின. அதை எடுத்துக்கொண்டு, அமெரிக்காவில் பேக்-மேன் உரிமம் வைத்திருந்த மிட்வே நிறுவனத்திடம் போனார்கள். மிட்வே வாங்கிக்கொண்டது. 1982இல் அது 'மிஸ் பேக்-மேன்' என்ற பெயரில் வந்து, அமெரிக்க ஆர்கேட் வரலாற்றில் மிக அதிகமாக விற்ற இயந்திரங்களில் ஒன்றானது. உள்ளே திறந்து பார்த்தால் பேக்-மேனின் மூலச் சில்லுகள் அப்படியே இருக்கும்; கூடுதல் பலகை தேவையான இடங்களில் மட்டும் குறுக்கிட்டு வேறு பைட்டுகளைக் கொடுக்கும். பேட்ச் என்பதன் இலக்கணமே இதுதான். அதே மாணவர் கூட்டம் பிறகு அடாரி 7800 கன்சோலையே வடிவமைத்தது. ஒட்டுண்ணி!

சொந்தமாகச் செய் என்ற அறிவுரையைக் கேட்டவர்களின் கதி வேறு. நின்டெண்டோவின் 'மெட்ராய்ட் 2' கேமை ஒரு ரசிகர் ஹேக் செய்யாமல், ஒரு வரி மூல நிரலையும் எடுக்காமல், அடியிலிருந்து புதிதாகவே எழுதி 2016 ஆகஸ்ட்டில் வெளியிட்டார். சில நாட்களில் நின்டெண்டோவின் நோட்டீஸ் வந்தது; அடுத்த ஆண்டு நின்டெண்டோ அதே கேமின் தன் மறு ஆக்கத்தை விற்றது. அந்த ரசிகர் பின்னாளில் தொழில்முறை ஸ்டுடியோ ஒன்றில் வடிவமைப்பாளரானார். அதே 2016 டிசம்பரில், எட்டு வருட உழைப்பான 'போகிமான் பிரிசம்' ஹேக்கை வெளியீட்டுக்குச் சில நாட்களே இருக்கும்போது நின்டெண்டோ நிறுத்தியது. ஹேக் செய்தாலும் நோட்டீஸ், புதிதாக எழுதினாலும் நோட்டீஸ். பாத்திரமும் பெயரும் அவர்கள் சொத்து, நோட்டீஸ் அனுப்ப உரிமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உரிமையைக் காட்டி, அந்த உழைப்பில் படைப்பே இல்லை என்று தீர்ப்பெழுதாதீர்கள். சொத்துரிமை வேறு, கலை மதிப்பு வேறு. முதலாவது பத்திரத்தைப் பார்த்தால் தெரியும். இரண்டாவதுக்கு ஆடிப் பார்க்க வேண்டும்.

மொழியும் இதில் வருகிறது. ஷிகெசாட்டோ இட்டோய் எழுதிய 'மதர் 3' 2006இல் கேம் பாய் அட்வான்ஸில் ஜப்பானிய மொழியில் வந்தது. ஆங்கிலத்தில் இன்றுவரை நின்டெண்டோ வெளியிடவில்லை. 2008 அக்டோபரில் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தலைமையில் ரசிகர் குழு ஒரு பேட்சாக அதைக் கொண்டுவந்தது. சொற்களை மாற்றினால் மட்டும் போதாது. எழுத்துகளைத் திரையில் வரையும் நிரலையே ஆங்கிலத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டியிருந்தது. எங்கள் உழைப்பை இலவசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நின்டெண்டோவுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். 2024இல் நின்டெண்டோ அந்த கேமைத் தன் ஸ்விட்ச் சந்தா சேவையில் மீண்டும் வெளியிட்டது, ஜப்பானில் மட்டும். ஆக, உலகின் பெரும்பாலோருக்கு மதர் 3 என்றால் அந்த ஹேக்தான். யாருடைய விற்பனை இதனால் குறைந்தது என்று எவராவது கணக்குக் காட்டட்டும்.

எல்லா நிறுவனமும் இப்படியில்லை. சோனிக் ரசிகர் உலகத்தில் ஹேக்கும் மறு ஆக்கமும் செய்து பழகிய கிறிஸ்டியன் வைட்ஹெட் முதலானவர்களைச் சேகா அழைத்து, 2017இல் 'சோனிக் மேனியா'வையே அவர்கள் கையில் கொடுத்தது. பல வருடங்களில் வந்த சோனிக் கேம்களில் விமர்சகர்கள் மனம் திறந்து பாராட்டியது அதைத்தான். அதற்கு முன்பே, 2016இல், ஸ்டீம் என்ற இணையக் கடையில் விற்ற தன் மெகா டிரைவ் கேம் தொகுப்புக்குள் ரசிகர்கள் ஹேக்குகளை ஏற்றுவதற்குச் சேகா அதிகாரபூர்வமாக இடம் ஒதுக்கியது. அசல் கேமை வாங்கியவர், அதன் மேல் இன்னொருவர் செய்த மாற்றத்தைப் போட்டுக்கொண்டு ஆடலாம். ஹேக் வேண்டியவர் அசலுக்குக் காசு கொடுத்தார். சேகா திவாலாகவில்லை, சோனிக்கின் மானமும் கப்பலேறவில்லை. 2024 டிசம்பரில் சேகா அந்தத் தொகுப்பை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்களிடம் இருக்கிறது, புதிதாக வருகிறவருக்கு அந்த வாசல் இல்லை. எட்டு வருடத்துக்கும் மேலாக நடந்துகொண்டிருந்த ஒன்றை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். மற்ற நிறுவனங்களின் வக்கீல்கள் அடுத்த நோட்டீஸைத் தட்டச்சு செய்யும்முன், அந்தப் பழைய கேமைக் காசு கொடுத்து வாங்க ஒரு கவுன்ட்டராவது திறந்திருக்கிறதா என்று தங்கள் கட்சிக்காரரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.